யூக்கர் தவறவிட்ட 27 பந்துகள்

போன வாரம் எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் நண்பன் ஒருவன் பாப் யூக்கரின் பழைய டிவி பேட்டி ஒன்றைப் போட்டிருந்தான். கீழே ஒரு வரி: "செம காமெடி, இந்த ஆளுக்கு பேஸ்பால் ஆடவே தெரியாதாம், அவரே சொல்றார்." பதில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போய், ஒரு குழுவில் போடக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அந்த வரி தப்பு, அது தப்பு என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

பேஸ்பால் பக்கம் போகாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். யூக்கர் 1962 முதல் 1967 வரை ஆறு சீசன் அமெரிக்க மேஜர் லீக்கில் ஆடியவர். பேக்கப் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருக்கிறவர்தான் கேட்சர். அணியின் முதல் கேட்சருக்கு ஓய்வு கொடுக்கும் நாளிலோ அவருக்கு அடிபட்ட நாளிலோ மட்டும் அந்த இடத்துக்கு வருகிறவர் பேக்கப். நாம் இரண்டாவது விக்கெட் கீப்பர் என்று சொல்வோமே, அந்த மாதிரி. மொத்தம் 297 ஆட்டங்கள், 14 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி). கணக்கில் வரும் 731 பேட்டிங் வாய்ப்பில் 146 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி, ரன் எடுக்கும் வழியில் உள்ள ஒரு நிலையத்தை (பேஸ்) பத்திரமாகத் தொட்டவை. வகுத்தால் .1997 வரும், அதை .200 என்று முழுமையாக்கி எழுதுகிறார்கள். ஒரே ஒரு ஹிட் குறைந்திருந்தால் .198 ஆகியிருக்கும். அந்தக் காலத்தில் லீக்கின் சராசரியே .250ஐ ஒட்டித்தான் இருந்தது என்றாலும் .200 என்பது ரொம்பக் குறைவு, அதில் சந்தேகமில்லை.

இந்த எண்ணை வைத்துத்தான் யூக்கர் ஐம்பது வருடம் ஊரைச் சிரிக்க வைத்தார். அவரே சொன்னதால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

நான் அவரை ஆட்டக்காரராகப் பார்த்ததில்லை, என் அப்பாவுக்கே அப்போது சின்ன வயது. எனக்கு அவர் ஒரு குரல், ரேடியோ வர்ணனையாளர். 2010களில் நாலரை வருடம் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் வேலை பார்த்தேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், வேலை முடியவே ஏழு ஆகிவிடும். நான் வாங்கிய பழைய கொரோலாவில் ரேடியோ தவிர ஒன்றும் வேலை செய்யாது. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை, ஏறக்குறைய தினமும், அந்த நேரத்தில் ஊர் அணியான ப்ரூவர்ஸின் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். விதிகூடத் தெரியாத ஆட்டத்தை ஒரு மனுஷன் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். எந்த பிட்சர் (பந்து வீசுகிறவர்) எந்த விரலை எப்படி வைத்துப் பிடிக்கிறார், கேட்சர் ஏன் இப்போது எழுந்து பிட்சரிடம் நடந்து போகிறார் என்பதையெல்லாம் அவர் விளக்கமாகச் சொல்ல மாட்டார், போகிற போக்கில் ஒரு வார்த்தை போடுவார். ஹோம் ரன் அடித்தால் "கெட் அப், கெட் அப், கெட் அவுட்டா ஹியர், கான்!" என்று பந்தைக் கையால் தள்ளி விடுகிற மாதிரி ஒரு கத்தல். வீடு வந்த பிறகும் இன்னிங்ஸ் முடியட்டும் என்று பார்க்கிங்கிலேயே எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று கவனித்தேன். தன்னைப் பற்றி அவர் என்ன வேண்டுமானாலும் சொல்வார். ஆனால் எதிரில் ஆடிக்கொண்டிருக்கும் பையன் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனபோது, நான் கேட்டவரையில், அவர் சிரித்ததே இல்லை. குறிப்பாக புதிதாக மேலே வந்த கேட்சர் பையன்கள் என்றால் குரலே மாறும். அப்போதுதான் இந்த மனுஷனின் ஆட்ட வாழ்க்கையைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

யூக்கர் 1934ல் மில்வாக்கியிலேயே பிறந்தவர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், அப்பா தொழிற்சாலைகளுக்குக் கருவி செய்கிற கைத்தொழிலாளி. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரை 1956ல் சொந்த ஊர் அணியான மில்வாக்கி பிரேவ்ஸ் 3,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ("அப்பாவுக்கு அது கஷ்டமாகிவிட்டது, அவரிடம் அவ்வளவு பணம் இல்லை" என்று இதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார், அதாவது தன்னைச் சேர்த்துக்கொள்ள அப்பா பணம் கட்ட வேண்டியிருந்தது என்கிற மாதிரி.) அப்புறம் ஆறு வருடம் சிறு லீக்குகளில். ஓக்ளேர், பாய்சி என்று ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடுகிற வாழ்க்கை. 1962 ஏப்ரலில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், அப்போது வயது 28. மில்வாக்கியில் பிறந்து பிரேவ்ஸுக்கு ஆடிய முதல் ஆள் அவர்தான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1962ல் மேஜர் லீக்கில் மொத்தம் 20 அணிகள், அணிக்கு 25 பேர். ஆக 500 இடம். அதில் கேட்சர்களுக்கு என்று பார்த்தால் அணிக்கு இரண்டு, சில அணிகளில் மூன்று. அமெரிக்கா முழுக்க, கரீபியன் தீவுகள் வரை, பள்ளிக்கூட மைதானங்களில் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்த அத்தனை பையன்களிலும் ஐம்பது பேர் மாதிரிதான் அந்த இடத்துக்கு வர முடியும். அதில் ஒருவராக ஆறு வருடம் இருந்தவரைத்தான் ஆடத் தெரியாதவர் என்கிறோம்.

அதுவும் அவர் போய்ச் சேர்ந்த அணி எது? டெல் கிராண்டல், ஜோ டோரி என்று இரண்டு கேட்சர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பேட்டிங்கில் ஹாங்க் ஆரன், எடி மேத்யூஸ். பந்து வீச வாரன் ஸ்பான். முதல் வருடம் 33 ஆட்டம், அடுத்த வருடம் 13. சொந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு 16 முறை மட்டை பிடிப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருடமும் சராசரி .250 என்பதை யாரும் சொல்வதில்லை, அவரும் சொன்னதில்லை.

பேக்கப் கேட்சர் ஆடாத நாளில் சும்மா இருப்பார் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்று ஒரு இடம் இருக்கும், அடுத்து உள்ளே போக வேண்டிய பிட்சர்கள் அங்கேதான் தோளைச் சூடாக்கிக்கொள்வார்கள். அவர்கள் போடும் நூற்றுக்கணக்கான பந்துகளைப் பிடிப்பது இவர் வேலை. இன்றைக்கு யார் கை சரியாக இருக்கிறது, யாருக்குப் பந்து வளையவில்லை என்று மேனேஜருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். ஸ்கோர் அட்டையில் இது எதுவும் வராது. முழங்கால் மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும்.

1964 சீசன் தொடங்கும் சமயத்தில் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே முதல் கேட்சர் டிம் மெக்கார்வர், 22 வயசுப் பையன், சீசனில் 143 ஆட்டம் ஆடிவிட்டான். 30 வயது யூக்கருக்கு 40 ஆட்டம். அந்த வருடம் ஃபிலடெல்ஃபியா அணி 12 ஆட்டம் மீதியிருக்கையில் பட்டியலில் ஆறரை ஆட்டம் முன்னிலையில் இருந்து, தொடர்ந்து பத்தில் தோற்று, கடைசி நாளில் கார்டினல்ஸ் நேஷனல் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) பட்டத்தைப் பிடித்தது. அமெரிக்காக்காரர்கள் இன்றும் பேசுகிற சரிவு அது. இரண்டு பாதிகளின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை ஏழு ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மெக்கார்வர் ஏழிலும் ஆடினார், .478 அடித்தார், ஐந்தாவது ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஜெயித்துக்கொடுத்தார். யூக்கர் ஒரு பந்துக்குக்கூட உள்ளே போகவில்லை.

ஆனால் அந்தத் தொடரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் யூக்கர் வந்துவிடுவார். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது, வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் ட்யூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை மைதானத்தில் வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார்கள். யூக்கர் அதைத் தூக்கி உடம்பில் மாட்டிக்கொண்டு அவுட்ஃபீல்டுக்குப் போய், வானத்தில் பறந்து வருகிற பந்துகளை ட்யூபா வாய்க்குள் பிடிக்க ஓடினார். சிலது உள்ளே விழுந்தது, சிலது பித்தளையை நசுக்கியது. உலகத் தொடருக்கு முன்னால் கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு அணிக்கு அது என்ன செய்திருக்கும் என்று எந்த எண்ணும் சொல்லாது. ஆனால் அணியில் இருக்கிற 25 பேரில் அன்று அந்த வேலையைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான், அவர் அதைச் செய்தார்.

1965ல் சாண்டி கோஃபாக்ஸ் பந்தில் ஹோம் ரன். கோஃபாக்ஸ் அந்த வருடம் 26 ஆட்டம் ஜெயித்து 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த ஆள், செப்டம்பரில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத பர்ஃபெக்ட் கேம் வேறு. யூக்கர் அந்த வருடம் முழுக்க அடித்ததே இரண்டு ஹோம் ரன், அதில் ஒன்று இது. "அந்த ஒரு அடியால் கோஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழரங்கம்) கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்" என்பார். சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் கோஃபாக்ஸ் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிய ஆள் என்பது உண்மை. கேலர்ட் பெர்ரி, ஃபெர்கி ஜென்கின்ஸ் பந்திலும் அடித்திருக்கிறார், இரண்டு பேரும் ஹால் ஆஃப் ஃபேம்.

1966ல் ஃபிலடெல்ஃபியா. 78 ஆட்டம், ஏழு ஹோம் ரன், அவருடைய 14ல் பாதி அந்த ஒரு வருடத்தில்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். 1967 ஜூனில் அவரை மறுபடி பிரேவ்ஸுக்கே மாற்றினார்கள். அதற்குள் பிரேவ்ஸ் மில்வாக்கியைக் காலி செய்துவிட்டு அட்லாண்டாவுக்குப் போயிருந்தது. யூக்கரை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்றால் ஒரே ஒரு பிட்சருக்காக. ஃபில் நீயெக்ரோ. ஒஹையோ மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பா வீட்டுக்குப் பின்னால் சொல்லிக்கொடுத்த நக்கில்பால் ஒன்றுதான் அவர் சொத்து.

நக்கில்பால் என்றால் என்ன? மற்ற எல்லாப் பந்துகளும் சுழன்று வரும், சுழற்சிதான் அதை வளைக்கும். இதை விரல் நகங்களால் பதித்துப் பிடித்து, சுழலாமல் தள்ளிவிட வேண்டும். வேகம் கிடையாது, மணிக்கு 105, 110 கிலோமீட்டர்தான். பிட்சரிடமிருந்து பேட்டர் வரை இருக்கிற 18 மீட்டர் சொச்சத்தில் பந்து ஒரு சுற்றுகூட சுற்றினால் அதிகம். சுழலாமல் வரும்போது பந்தின் தையல் எந்தப் பக்கம் காற்றைச் சந்திக்கிறதோ அதற்கேற்ப காற்று ஒரு பக்கம் ஒட்டியும் இன்னொரு பக்கம் பிய்ந்தும் போகும், அதனால் பந்து இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு வாங்கும். எந்தப் பக்கம் என்று பேட்டருக்குத் தெரியாது, வீசியவருக்கும் தெரியாது. அப்படியென்றால் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் கதி?

கேட்சர் பிடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டு, பேஸில் நிற்கிற ஆள் முன்னேறிவிட்டால் அதற்கு 'பாஸ்டு பால்' என்று பெயர், கேட்சர் கணக்கில் எழுதுவார்கள். நம் கிரிக்கெட்டில் பை ரன் மாதிரி, ஆனால் இங்கே அது கீப்பர் பெயருக்கு நேராகக் காலத்துக்கும் நிற்கும். அதனால் மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது நக்கில்பாலுக்குச் சைகை காட்ட கேட்சர்கள் பயப்படுவார்கள். கைநழுவினால் நேரே ஒரு ரன். பாதுகாப்பாக ஒரு வேகப்பந்து கேட்பார்கள். ஃபிலின் வேகப்பந்து சாதாரணமானது, அதை யாரும் அடிப்பார்கள். ஆக, மிக ஆபத்தான நேரத்தில், அவரிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தைக் கீழே போடச் சொல்வது. 28 வயது வரைக்கும் ஃபில் பெரிதாக வராததற்கு இது ஒரு காரணம்.

யூக்கர் வந்து சொன்னது ரொம்ப எளிமையானது. நீ ஜெயிக்க வேண்டுமென்றால் எப்போதும் நக்கில்பாலையே போடு, பேஸில் யார் நின்றாலும் போடு, பிடிக்கிறது என் பாடு. இதை யூக்கர் சொல்லிக்கொள்ளவில்லை, பிற்காலத்தில் ஃபில் நீயெக்ரோதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வருடம் ஃபில் கணக்கில் எழுதப்பட்ட ரன் சராசரி, ஒரு முழு ஆட்டத்துக்கு 1.87 (குறைந்தால் நல்லது), நேஷனல் லீக்கிலேயே முதலிடம். அதே வருடம் யூக்கர் விட்ட பாஸ்டு பால் 27, அதிலும் லீக்கில் முதலிடம். பிரேவ்ஸுக்காக 59 ஆட்டத்தில் மட்டும் கேட்சராக உட்கார்ந்து, சீசன் முழுக்க ஆடிய எல்லாக் கேட்சர்களையும் தாண்டிவிட்டார். அவர் எப்படிச் சொல்வார்? "நக்கில்பாலைப் பிடிக்க நல்ல வழி, அது உருண்டு நிற்கும் வரை காத்திருந்து போய் எடுப்பதுதான்." இன்னொன்று: "அந்த வருடம் எனக்குப் பெரிய மனிதர்கள் நிறைய பேர் பழக்கமானார்கள், அவர்கள் எல்லாம் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள்." ஹோம் பிளேட் என்பது பேட்டர் நிற்கிற இடம்; பந்தை எடுக்க அதற்குப் பின்னால் ஓடி ஓடிப் பழக்கமானதாம்.

இந்த ஜோக்கைக் கேட்டுத்தான் என் நண்பனும் அப்படி எழுதினான். ஆனால் அந்த 1.87ஐயும் 27ஐயும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முதல் எண்ணுக்கு யூக்கர் கொடுத்த விலை இரண்டாவது எண். தன் பெயர் கெட்டுவிடும் என்று அவர் அவ்வப்போது வேகப்பந்து கேட்டிருந்தால் 27 என்பது 15 ஆகியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சீசன் முடியும்போது அவருக்கு வயது 33, பேட்டிங் .150க்கு விழுந்திருந்தது, வேலை போகிற நிலைமை. அந்த நிலைமையில் ஒரு மனுஷன் தன் கணக்கை விட்டுவிட்டு அடுத்தவன் கணக்கைப் பார்த்தான். வேலை போய்விட்டது, அது வேறு விஷயம். 1967 செப்டம்பரோடு அவர் ஆட்டம் முடிந்தது. ஃபில் அதன் பிறகு இருபது வருடம் வீசி மொத்தம் 318 ஆட்டம் ஜெயித்தார், 1997ல் ஹால் ஆஃப் ஃபேம்.

பிந்தைய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. மேடையில் பேசப் போய், அங்கிருந்து ஜானி கார்சனின் இரவு நேர டிவி நிகழ்ச்சிக்குப் போய், கார்சன் அவருக்கு 'மிஸ்டர் பேஸ்பால்' என்று பட்டம் வைத்தார். மில்வாக்கிக்கு 1970ல் ப்ரூவர்ஸ் என்று புது அணி வந்ததும் அணியின் முதலாளி பட் சீலிக் அவரைத் திறமை தேடும் வேலைக்கு வைத்துப் பார்த்தார், சாப்பாட்டுக் குழம்பு ஒட்டின அறிக்கை வந்ததும் அந்த வேலை வேண்டாம் என்று 1971ல் ரேடியோவுக்கு மாற்றினார். அப்புறம் 54 சீசன். 2003ல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது. 2012ல் அதே விருது மெக்கார்வருக்கு. 1964 கார்டினல்ஸின் இரண்டு கேட்சர்களும் கடைசியில் ஒரே விருதில் வந்து நின்றார்கள். ஒருவர் ஏழு ஆட்டமும் ஆடியவர், ஒருவர் ட்யூபா தூக்கியவர்.

மில்வாக்கி மைதானத்தில் அவருக்கு இரண்டு சிலை. வாசலில் ஒன்று. இன்னொன்று 2014ல் மேல் தளத்தின் கடைசி வரிசையில், தூண் மறைக்கிற இடத்தில், அப்போது ஒரு டாலருக்கு விற்ற இருக்கைகளுக்கு நடுவே, சாய்ந்து உட்கார்ந்து சிரித்தபடி. நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஹோம் பிளேட் பாதி தெரியாது. கேட்சர் குந்தியிருக்கிற இடம் மட்டும், நான் உட்கார்ந்த சீட்டிலிருந்து, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தால் தெரிந்தது.

2024 அக்டோபரில் அவருடைய கடைசி ஒலிபரப்பு. நான் அப்போது கோயம்புத்தூருக்கே திரும்பி வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நம் நேரப்படி விடியற்காலை நாலரைக்கு எழுந்து போனில் கேட்டேன். மெட்ஸ் அணிக்கு எதிராக ப்ரூவர்ஸ் 2-0 என்று முன்னால் இருந்தது, ஒன்பதாவது இன்னிங்ஸில் பீட் அலோன்சோ ஹோம் ரன் அடித்து எல்லாவற்றையும் புரட்டிவிட்டார். யூக்கர் குரலில் கத்தல் இல்லை. இது சுருக்கென்று கொட்டிவிட்டது என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடித்தார். வெளியே பால்காரர் மணி அடித்தார், நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். 2025 ஜனவரி 16 அன்று 90 வயதில் போய்விட்டார். இரண்டு வருடமாகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டேதான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று குடும்பத்தார் அப்புறம்தான் சொன்னார்கள்.

சரி, இதையெல்லாம் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணமான ஒரு சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மில்வாக்கியில் அலுவலக நண்பர் ஒருவரின் மாமனார், எழுபதைத் தாண்டியவர், இளவயதில் தொழிற்சாலை அணிக்கு நக்கில்பால் வீசியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு யூக்கர் பற்றிப் பேச்சு வந்தது. "பிடித்துப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். எனக்கு ஒரு பழைய கேட்சர் கையுறை, சாதாரணத்தைவிடப் பெரியது, உள்ளங்கை கறுத்துப்போய் எண்ணெய் வாடை அடித்தது. முகமூடியும் கொடுத்தார். எனக்குப் பள்ளியில் விக்கெட் கீப்பிங் பழக்கம் உண்டு, பந்தைப் பார்த்துக் கை போவது எனக்குப் புதிதல்ல.

அவர் மணிக்கட்டையே அசைக்காமல், கதவைத் தள்ளுகிற மாதிரி வீசினார். பந்தின் சிவப்புத் தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது, அவ்வளவு நிதானம். நேராக மார்புக்கு வருகிறது என்று கையுறையை நீட்டினேன். கடைசி ஒரு முழத்தில் யாரோ தட்டிவிட்ட மாதிரி விலகி தோள்பட்டை எலும்பில் பட்டது. அடுத்தது கீழே இறங்கி முழங்காலுக்கு அடியில். மூன்றாவது கையுறையின் விளிம்பில் பட்டு முகமூடிக் கம்பியில் மோதியது, காது ரீங்காரமிட்டது.

"பந்தைத் தேடிப் போகாதே, அது உன்கிட்ட வரட்டும்," என்றார். கண்ணுக்கு மிக அருகில் வரும் வரை கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், கடைசி நொடியில் மூட வேண்டும். உடம்பு அதற்குச் சம்மதிக்கவே இல்லை. ஏதோ ஒன்று முகத்துக்கு வரும்போது கை முன்னால் போகத்தான் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலையே. இருபது பந்தில் ஏழு பிடித்தேன். அந்த ஏழும் கையுறைக்குள் விழும்போது சத்தமே வராது, ஒரு தலையணையில் விழுகிற மாதிரி, அவ்வளவுதான்.

இருட்டத் தொடங்கியது. "கடைசி ஒன்று," என்றார். பந்தை விரலில் பொருத்திக்கொண்டே, "மூணாவது பேஸ்ல ஆள் நிக்கிறான்னு நினைச்சுக்கோ," என்றார். அங்கே யாரும் இல்லை, பேஸே இல்லை, வெறும் புல்தரை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை இறுகிப்போனதை உணர்ந்தேன். பந்து வந்தது, நான் சீக்கிரமே பாய்ந்துவிட்டேன், அது என் கையுறைக்கு அடியில் நழுவிப் பின்னால் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பந்து ஈரப் புல்லில் ஒரு கோடு போட்டுக்கொண்டே கம்பி வேலி வரை உருண்டு போய் நின்றது. அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடந்து போய் எடுத்தேன்.